பாடியவர்: குழுவினர் அல்ல

குரலை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போன என் அக்கா எழிலரசிக்கு,

சித்திரையில் ஒரு நாள் உன்னைப் பேருந்தில் கேட்டேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வண்டி. ஆலப்பாக்கம் தாண்டியதும் ஓட்டுநர் ஒரு பென் டிரைவைச் செருகினார். உடுக்கை அதிர்ந்தது. 'உப்பனாத்துத் தாயே, ஓடம் ஏறி வா' என்று நீ எடுத்தாய்.

நீ போன தை மாதத்திற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயந்தேன். பேருந்தில் யார் அனுமதி கேட்கிறார்கள்? வெயிலும் புளியமரங்களும் ஓட, நீ பாடிக்கொண்டே வந்தாய்.

ஓட்டுநரின் தலைக்கு மேல் இருந்த பிளேயரில் சிவப்பு எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. பாடுபவர் பெயர் வர வேண்டிய இடத்தில் சிதம்பரத்துச் செல்போன் கடை ஒன்றின் பெயர் ஓடியது. நான் நடத்துநரைக் கூப்பிட்டேன்.

"இது யார் பாடுறதுன்னு தெரியுமா?"

"யாரோ பொம்பள சார். நல்லாத்தான் பாடுது. அதுலயே பேரு ஓடுது பாருங்க."

"அது கடை பேருங்க."

"அப்ப கடைக்காரர் சம்சாரமா இருக்கும்."

பேருந்தே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "எங்க அக்கா" என்றேன். "அப்படியா சார்? இப்ப இன்னா பண்றாங்க?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். அவர் முன்னால் போய் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். சத்தம் கொஞ்சம் கூடியது. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. எனக்குப் பிடித்த மனிதர்கள் குறைவு என்பது உனக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். கோபம் எனக்கு வந்து போவதில்லை, குடியிருக்கிறது. முன்னாள் துணைவேந்தர் முதல் பக்கத்து வீட்டுக்காரன் வரை யாரையும் நான் மன்னித்ததில்லை. ஆனால் இந்தக் கோபம் எனக்காக இல்லை. அதனால் அதைக் கொஞ்சம் நிமிர்ந்தே வைத்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் சொல்கிறேன், இதைப் படிப்பவர்களுக்குத் தெரியாது. நீ கல்யாணத்துக்கு முன் கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் தனபால் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் பாடினாய். கீபோர்டும் உடுக்கையும் அவர், குரல் நீ. ஒரு ஆடி மாதத்துக்காக அம்மன் பாட்டு கேசட் ஒன்று போட்டார்கள். அதில் இருந்த பாட்டு அத்தனையும் பாடியவள் நீ ஒருத்தி. அட்டையில் அச்சானது என்ன? 'பாடியவர்: தனபால் மாஸ்டர் குழுவினர்.'

குழுவினர்! தமிழில் எத்தனையோ சொற்களை நேசித்துப் படித்தவன் நான். இந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை. மரியாதையான ர் விகுதியோடு வந்து, ஆளையே இல்லாமல் ஆக்கிவிடுகிற சொல்.

உன் பெயரை ஏன் போடவில்லை என்று நான் அன்றே மாஸ்டரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை, பக்கத்தில் நின்று கேட்ட நீ வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே நடித்துக் காட்டினாய். "உங்க அக்காவுக்குப் பாட்டுல ழ வருது தம்பி, பேச்சுல வரலியே. அட்டையில பேரு வந்து, ஸ்டேஜில நின்னு அதச் சொல்லிக்கிட்டா மானம் போவும்."

ழ வராதது உண்மைதான். தமிழ்ப் பற்று மிகுந்த நம் அப்பா உனக்கு எழிலரசி என்று வைத்தார், எனக்குப் புகழேந்தி என்று வைத்தார். அவருக்கே ழ வராது. "எயிலு, புகயேந்தி, சாப்புட வாங்க" என்றுதான் கூப்பிடுவார். நீயோ பாட்டில் 'மழை' என்று தேனாக இறக்குவாய். மேடையை விட்டு இறங்கியதும், "மய வருது, கொட எட்றா" என்பாய். தமிழ் எம்.ஏ. சேர்ந்த நாளிலிருந்து நான் உன்னைத் திருத்தினேன். நீ திருந்தவில்லை. உன் மகளுக்குக் கயல்விழி என்று பெயர் வைத்துவிட்டுக் கடைசிவரை 'கயல்வியி' என்றே கூப்பிட்டாய். வேண்டுமென்றேதானே செய்தாய்?

பேருந்திலிருந்து இறங்கியதும் நேராக மேல வீதியில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகளுக்குப் போனேன். உன் பாட்டுகளைக் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தேன். ஒவ்வொரு பாட்டுக் கோப்புக்குள்ளும் பாட்டோடு சேர்த்து ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது அக்கா. டேக் என்கிறார்கள். பாட்டின் பெயர், பாடியவர், இசை, தொகுப்பு, ஆண்டு, வகை, கடைசியில் கமென்ட் என்று அதில் கட்டங்கள் இருக்கும். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பேருந்தும் போனும் உலகமும் நம்பும்.

உன் சீட்டுகளில் இருந்ததைப் பார்த்திருந்தால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். அம்மன் பாட்டுக்கு வகை 'ப்ளூஸ்' என்று போட்டிருந்தது. அது யாரும் ரசித்துப் போட்டதல்ல. அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் பழைய கணினிகள் பட்டியலில் முதலில் இருக்கும் அதைத் தாமாகவே போட்டுவிடும். பாட்டின் பெயரை யாரோ பழைய எழுத்துருவில் அடித்திருந்தார்கள். இன்றைய போனில் அது உடைந்த குறிகளாக, ஏதோ சாபம் போலத் தெரிந்தது. படத்துக்கான இடத்தில் ஒரு நடிகர் கூலிங் கிளாஸ் போட்டு நின்றார்.

பாடியவர் கட்டத்தில்தான் நீ சிதறிக் கிடந்தாய். உன் பெயரைத் தெரிந்த சிலர் ஆங்கிலத்தில் அடித்திருந்தார்கள். ழவுக்கு இசட்-எச் போட்டு ஒருத்தி. வெறும் இசட் போட்டு ஒருத்தி. எல் போட்டு ஒருத்தி. காதில் விழுந்தபடியே ஒய் போட்டு ஒருத்தி. இந்த நாலு பேரையும் வேறு வேறு பாடகிகள் என்று என் போன் தனித்தனியாக அடுக்கி வைத்திருந்தது. உயிரோடு இருந்தபோது ஒருத்தியாகக்கூட உன்னை ஏற்காத உலகம், போன பிறகு நாலு பேராக்கி வைத்திருந்தது. மற்ற எல்லாவற்றிலும் கடைப் பெயர், அல்லது குழுவினர்.

நான் பல்கலைக்கழக நூலகத்தில் முப்பது வருஷமாகச் செய்வது இந்த வேலைதான். ஒருவரே பல பெயரில் எழுதியிருந்தால் ஒரு பெயரின் கீழ் சேர்ப்பது. யார் எழுதினாரோ அவர் பெயரில் பதிவது. அங்கே நான் தொகுத்த பெரிய அடைவு நூல் துறைத் தலைவர் பெயரில் வெளிவந்தது. முன்னுரையில் எனக்கு 'மற்றும் நூலகப் பணியாளர்கள்' என்ற இடம் கிடைத்தது. ஆகவே குழுவினர் என்ற சொல்லோடு எனக்குத் தனிப்பட்ட பகையும் உண்டு. மறைக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து திருத்தினேன். ப்ளூஸை எடுத்தேன். நடிகரை இறக்கிவிட்டு உன் படத்தைப் போட்டேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம். இசை என்ற கட்டத்தில் தனபால் மாஸ்டர். மெட்டு அவருடையது, அதை நான் திருட மாட்டேன். பாடியவர் கட்டத்தில் தமிழில், ழ போட்டு, எழிலரசி. பிறகு அந்தக் கோப்புகளை மைக் செட்காரர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் கொடுத்தேன். வாங்கியவர்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இது எப்படியோ மாஸ்டரின் மகன் சரவணன் காதுக்குப் போனது. மாஸ்டர் போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. இந்த ஆடிக்கு அந்தப் பாட்டுகளைப் புதிதாக இணையத்தில் ஏற்றி, மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் விழா எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு சரவணன் வீட்டுக்கு வந்தான். அவனிடம் இருந்தது கீறல் விழுந்த ஒரு சிடி மட்டும். நல்ல பிரதி என்னிடம் இருக்கும் என்று நினைத்து வந்திருக்கிறான்.

"அண்ணே, நீங்கதான் டேக் எல்லாம் சூப்பரா போடுறீங்களாமே. நீங்களே செஞ்சு குடுத்துடுங்க. பாடியவர்ல மட்டும் அப்பா பேரு வரணும்."

"உங்க அப்பா பாடுனாரா?"

"அவர் குழுதானண்ணே. குழுன்னா அவர்தான."

"அப்ப அக்கா?"

கொஞ்சம் யோசித்தான். பெருந்தன்மையோடு சொன்னான். "அக்கா பேர கமென்ட்ல போட்டுருவோம்ணே."

கமென்ட்! அந்தக் கட்டம் எந்தப் பேருந்திலும் ஓடாது. எந்தப் போனிலும் தானாகத் தெரியாது. தோண்டிப் பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியும். வீட்டுக்குப் பின்னால் நிற்கவைத்துச் சோறு போடுவதைப் போன்ற இடம். அதை எனக்குப் பரிசாகத் தருகிறான்.

"சரவணா, கமென்ட்ல உன் பேர போட்டுக்க. காபி குடிச்சிட்டுக் கெளம்பு."

"இன்னாண்ணே இது, செத்துப்போனவங்களுக்குப் பேரு இன்னாத்துக்கு?"

"உங்க அப்பாவும் செத்துப்போனவர்தான?"

காபியைக் குடிக்காமலே போனான். விரோதம் ஒன்று கூடிற்று. இடம் இருக்கிறது.

அடுத்து சேத்தியாத்தோப்பிலிருந்து உன் வீட்டுக்காரர் போனில் பேசினார். சரவணன் அங்கேயும் போயிருக்கிறான். கல்யாணம் ஆன மறுவாரமே, "எங்க வூட்டுப் பொம்பளைங்க மைக் புடிக்க மாட்டாங்க" என்று சொன்ன அதே மாமாதான். இப்போது குரல் குழைந்தது.

"மச்சான், பேர போடுறதுன்னா க. எழிலரசின்னு போடு. கலியமூர்த்தி சம்சாரம்னு ஊருக்குத் தெரியணுமில்ல."

"பாடும்போது அவ வேலாயுதம் பொண்ணு மாமா. போட்டா வே.தான் போடணும்."

"செத்த வீட்டுல இனிஷியலுக்கு சண்டையா?"

"சண்டைய நீங்கதான் ஆரம்பிச்சீங்க. இருவத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி."

வைத்துவிட்டார். ஆனால் அவர் வைத்த பிறகு அந்தக் கேள்வி என்னிடமே இருந்தது. அப்பா எழுத்தா, புருஷன் எழுத்தா? உன் பெயருக்கு முன்னால் யாரோ ஓர் ஆண் நின்றே ஆக வேண்டுமா? உன்னைக் கேட்க முடிந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நீயே சொன்னாய் அக்கா. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கயல்விழி உன் பீரோவை ஒழித்தபோது புடவைகளுக்கு நடுவில் ஒரு கேசட் கிடைத்திருக்கிறது. அட்டை இல்லை, எழுத்து இல்லை. அந்த வாரக் கடைசியில் சிதம்பரத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். நானும் அவளும் பழைய டேப்ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டோம். மாஸ்டர் ஸ்டுடியோவில் எடுத்து, வெட்டி ஒட்டுவதற்கு முந்தைய பதிவு. உன் குரல் கழுவித் துடைத்தது போல இருந்தது.

ஸ்டுடியோவில் அன்று ஒரு வழக்கம் இருந்தது, உனக்கு நினைவிருக்கும். டேப்பில் எது எந்தப் பாட்டு என்று பின்னால் குழப்பம் வராமல் இருக்க, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாட்டின் எண்ணையும் பாடுபவர் பெயரையும் வாயால் சொல்லச் சொல்வார்கள். கேசட்டாகப் போடும்போது அதை வெட்டிவிடுவார்கள். உன் பிரதியில் அது வெட்டப்படவில்லை. டேப் ஓடியது. ஒரு சின்னக் கனைப்பு.

"மொதப் பாட்டு. பாடுறது எயிலரசி."

கயல்விழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நீ வந்து சொல்லிவிட்டுப் போனாய். ரெண்டாவது பாட்டு, பாடுறது எயிலரசி. மூணாவது பாட்டு, பாடுறது எயிலரசி. கடைசிப் பாட்டுக்கு முன்னால், "எயிலரசி. மாஸ்டர், தம்பி புகயேந்தி வெளிய நிக்கிறான், அவனுக்கு சிதம்பரம் பஸ்ஸுக்கு நேரமாவுது, சீக்கிரம் எடுங்க" என்றாய். யாரோ சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பின் மேலேயே உடுக்கை ஆரம்பிக்கிறது.

கயல்விழிதான் முதலில் வாயைத் திறந்தாள். "மாமா, அம்மா இனிஷியல் சொல்லவேயில்ல."

"ஆமா."

"ழவும் இல்ல."

"அது அவளுக்கு வராதும்மா. நாம திருத்திக்கலாம்."

"நீங்க எதுக்கு மாமா திருத்துறீங்க? அவுங்க பேர அவுங்களே சொல்றாங்க இல்ல?"

நீ வளர்த்த பெண் வேறு எப்படிப் பேசுவாள்? நான் படித்தவன் என்பதால் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அகராதியை எடுத்தேன். எடுத்த பிறகு வெகுநேரம் மூடவில்லை. எழில் என்றால் அழகு. எயில் என்றால் மதில், கோட்டை. பழைய பாட்டுகளில் பகைவர் வந்து மோதி நிற்கிற மதில். எம்.ஏ.வில் வகுப்பு வகுப்பாகப் படித்த சொல். அது நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கூப்பிடப்பட்டுக்கொண்டிருந்தது. அப்பா உனக்கு அழகுக்கு அரசி என்று பெயர் வைத்தார். நீ அதைக் கோட்டைக்கு அரசி என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். எந்தப் பெயர் உனக்குப் பொருந்தியது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அந்தக் கேசட்டிலிருந்து எல்லாப் பாட்டுகளையும் கணினியில் ஏற்றினேன். உன் அறிவிப்பை வெட்டவில்லை. நீ பெயர் சொல்லி முடிக்கும் இடத்திலேயே உடுக்கையின் முதல் அடி விழுகிறது. உன் பெயரை வெட்டினால் பாட்டின் தலையும் சேர்ந்து போகும். அன்று கேசட்டில் அந்த முதல் அடியையும் சேர்த்துத்தான் வெட்டியிருந்தார்கள். அப்படியே வைத்தேன். பாடியவர் கட்டத்தில் ய போட்டு எயிலரசி என்று அடித்தேன். இனிஷியல் இல்லை. ஒய் போட்டு அடித்த அந்த முகம் தெரியாத ஆள்தான் சரியாகக் கேட்டிருக்கிறார். படைத்தவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே பதிய வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. அந்த விதியை என் அக்காவிடம் மட்டும் நான் மீறப் பார்த்தேனே, அதைப் பார்த்தாயா?

பிறகு சரவணனைக் கூப்பிட்டுக் கோப்புகளைக் கொடுத்தேன். "பேர மாத்திட்டீங்களாண்ணே?" என்றான். "எது சரியோ அது இருக்கு. நீ மாத்துனா நான் தடுக்க முடியாது, யாரு வேணாலும் மாத்தலாம்" என்றேன். மாற்றினான். மாற்றத் தெரிந்தவனுக்குப் பாட்டைப் போட்டுக் கேட்கத் தெரியவில்லை.

ஆடி வெள்ளியில் விழா. மேடை முழுக்க மாஸ்டரின் படம். பெரிய திரையில் 'பாடியவர்: தனபால் மாஸ்டர் குழுவினர்' என்று தங்க எழுத்தில் மின்னியது. நானும் கயல்விழியும் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தோம். பின்வரிசையில் தேவனாம்பட்டினத்திலிருந்து உன் கூட்டாளிகள் சிலர் வந்திருந்தார்கள். மாமாவும் வந்து ஓரமாக நின்றிருந்தார். சரவணன் பேசினான், குத்துவிளக்கு ஏற்றினார்கள், பொத்தானை அழுத்தினார்கள்.

மண்டபத்தின் அத்தனை ஒலிபெருக்கியிலும் ஒரு சின்னக் கனைப்பு.

"மொதப் பாட்டு. பாடுறது எயிலரசி."

தங்க எழுத்து அப்படியேதான் மின்னிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "ஏய், நம்ம எயிலுடி! எயிலு கொரலுடி!" என்று கத்தினார். பாட்டு எடுத்தது. அவர்கள் கூடவே பாட ஆரம்பித்தார்கள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

சரவணன் வேர்த்துப்போய் என் அருகில் வந்து குனிந்தான். "இன்னாண்ணே இது? கட் பண்ணிடுவேன்."

"பண்ணு. உடுக்கையும் போவும். உங்க அப்பா வாசிச்சது."

நிமிர்ந்தான். ரெண்டாவது பாட்டு தொடங்கியது. மறுபடியும் நீ வந்து உன் பெயரைச் சொன்னாய். இந்த முறை பின்வரிசைப் பெண்கள் உன்னோடு சேர்ந்து சொன்னார்கள். கயல்விழியும் சொன்னாள். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். எதையும் வெட்டவில்லை, இன்றுவரை.

நான் இதனால் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே. சிதம்பரம் பேருந்தில் இன்னும் கடைப் பெயர்தான் ஓடுகிறது. இணையத்தில் எங்கேயோ நீ இன்னும் நாலு பேராக இருக்கிறாய். நான் திருத்தினால் வேறொருவன் மாற்றுவான். அவன் மாற்றினால் நான் திருத்துவேன். எனக்கு வேறு என்ன வேலை? பிடிவாதத்துக்கென்றே பிறந்தவன் என்று நீதானே சொல்வாய்.

நாளைக் காலை அந்தப் பேருந்தில்தான் ஏறப்போகிறேன். சட்டைப்பையில் பென் டிரைவ் இருக்கிறது. கடைக்காரர் சம்சாரம் என்று சொன்ன அந்த நடத்துநரிடம் கொடுத்து, "பேர் ஓடுதான்னு பாருங்க" என்று சொல்லப்போகிறேன். அவர் இல்லாவிட்டால் அடுத்த வண்டி. நான் இருக்கும்வரை உன்னைக் குழுவினர் என்று எவனும் சொல்லிவிட்டுப் போக முடியாது. இது என் வாக்கு.

பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்கினாய். நானும் என் பெயரைச் சொல்லி முடிக்கிறேன். சான்றிதழ்களில் இருக்கும் பெயரை அல்ல, உன் டேப்பில் இருப்பதை.

ஸ்டுடியோவுக்கு வெளியே இன்னும் நின்றுகொண்டிருக்கும்
உன் தம்பி,
புகயேந்தி